தேன்குழல் உடையாத பல் கணக்கு

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், காரைக்குடியில் நாங்கள் பலகாரம் போடுகிற கடையில் டின்னைத் திறந்தால் தேன்குழலில் மேல் இரண்டு அடுக்கும் ஒடிந்து தூளாகக் கிடந்தது. சீப்புச்சீடை எதையும் தாங்கும், மனகோலமும் பாகு இறுகியிருப்பதால் தப்பித்துவிடும். தேன்குழல் அப்படியில்லை, கொஞ்சம் குலுங்கினாலே போதும். கடைக்காரர் கோபப்படவில்லை. ஒடிந்ததைத் தனியாக ஒதுக்கித் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்து, "இதை மட்டும் எடுத்துட்டுப் போயிருங்க தம்பி" என்றார். ஒன்றரைக் கிலோ. அக்கா விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து பிழிந்தது.

பள்ளத்தூரிலிருந்து கோட்டையூர் வழியாகக் காரைக்குடி சுமார் 10 கிலோமீட்டர். வாரத்தில் நாலு நாள் அப்பாவின் பழைய ஹெர்குலிஸ் சைக்கிளில் போகிறேன், கேரியரில் இரண்டு தகர டின், பலகாரமும் டின்னும் கயிறும் சேர்த்து 30 கிலோ வரும். மூன்று வருடமாக இதே சாலை, இதே டின், இதே கட்டு. மாறியது ஒன்றே ஒன்றுதான். பத்து நாள் முன்னால் ஃப்ரீவீல், அதாவது பின்சக்கரத்தில் செயின் சுற்றுகிற பல்சக்கரம், போய்விட்டது, மிதித்தால் பிடிக்காமல் வெறுமனே சுற்றியது, உள்ளே பிடிக்கிற நாக்கு தேய்ந்துவிட்டது என்று சொல்லி ஒரு கடையில் புதிதாக ஒன்று மாட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்துதான் வண்டி கனத்தது. நான் செயினுக்கு எண்ணெய் போட்டேன், காற்று அடித்தேன், பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்று பார்த்தேன், ஃப்ரீவீலை மட்டும் நினைக்கவே இல்லை, ஏனென்றால் அது புதுசு.

ஆடி பிறக்கும் முன்பே எங்கள் பக்கம் தென்மேற்குக் காற்று எடுத்துவிடும். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்குப் போவது தெற்கே போவது, காற்று வலப்பக்க முகத்தில் வந்து அறையும். அந்தக் காற்றில் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க முடியாமல் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தேன். நின்று மிதித்தால் வண்டி இடமும் வலமுமாக ஆடும், கேரியரில் இருக்கிற 30 கிலோவும் கூடவே ஆடும், டின்னுக்குள் தேன்குழல் ஒன்றோடொன்று மோதும். முழங்கால் சிரட்டைக்குக் கீழே குத்துகிற வலியும் சேர்ந்துகொண்டது. தேன்குழல் ஒடிந்ததும் முழங்கால் வலித்ததும் ஒரே காரணத்தால் என்று அன்று திரும்பி வரும் வழியில்தான் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை முகப்பில் தலைகீழாக நிறுத்தி, ஃப்ரீவீலில் ஒரு பல்லுக்கு மட்டும் மஞ்சள் பொட்டு வைத்துவிட்டு எண்ணினேன். 16. பழையது 18 என்று எனக்குத் தெரியும், நானே ஒரு தடவை எண்ணியிருக்கிறேன். முன்னால் மிதியோடு சுற்றுகிற பல்சக்கரத்தில், அதாவது செயின்வீலில், 48. கடையில் 18 பல் இல்லாமல் இருந்திருக்கும், இருந்ததை மாட்டிவிட்டார்கள். இரண்டு பல் குறைந்தால் என்ன பெரிய வித்தியாசம் என்று மாட்டியவர் நினைத்திருக்கலாம், எனக்கும் அன்றுவரை தெரியாது.

கணக்கு போட முதலில் சக்கரத்தின் சுற்றளவு வேண்டும். டயரில் 28 அங்குலம் என்று எழுதியிருப்பதை வைத்துக் கணக்கிடலாம், ஆனால் பாரம் ஏற்றினால் டயர் அமுங்கும், அதனால் அளந்துவிடுவது நல்லது. அக்காவிடம் ஒரு சிட்டிகை கோலமாவு வாங்கித் தண்ணீரில் குழைத்துப் பின்டயரில் ஒரு புள்ளி வைத்தேன். டின் இரண்டையும் கட்டி, நானும் ஏறி உட்கார்ந்து, அக்கா மகன் ஹேண்டிலைப் பிடித்து நேராக நடத்திக்கொண்டு போக, தெருவில் இருக்கிற சிமெண்ட் தளத்தில் புள்ளி இரண்டு இடத்தில் ஒட்டியது. புள்ளிக்குப் புள்ளி 2 மீட்டர் 20 சென்டிமீட்டர்.

முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, வருவதைச் சுற்றளவால் பெருக்கினால், மிதியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்துவிடும். 48ஐ 18ஆல் வகுத்தால் 2.67, அதாவது ஒரு சுற்றுக்கு 5.87 மீட்டர். 16 பல்லில் அது 3, ஒரு சுற்றுக்கு 6.60 மீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் முக்கால் மீட்டர் கூடுதலாக வண்டியைத் தள்ளியிருக்கிறேன், அதே காலால், அதே எதிர்காற்றில். நூற்றுக்குப் பன்னிரண்டரை பங்கு கூடுதல் அழுத்தம்.

இதையே இன்னொரு விதமாகவும் சொல்வார்கள், எனக்கு அந்த விதம்தான் மனதில் நின்றது. செயின் வருவதற்கு முன்னால், உயரமான முன்சக்கர வண்டிகளில் மிதி நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். சக்கரம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு தூரம் ஒரு சுற்றுக்குப் போகும், கால் எட்டுகிற அளவுக்குத்தான் சக்கரம் வைக்க முடியும், ஆக அந்த வண்டியில் ஓட்டுகிறவரின் கால் நீளம்தான் கியர். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிள் பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டியது, அந்த மாதிரி வண்டிகள் பரவிய பிறகு பல் எண்ணிக்கையை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றானது. சக்கர விட்டத்தைப் பல் விகிதத்தால் பெருக்கினால் அந்தப் பழைய கணக்கு வரும்: 28 அங்குலத்தை 3ஆல் பெருக்கினால் 84 அங்குலம். ஏழடிச் சக்கரத்தை நேராக மிதிப்பதற்குச் சமமான வேலையைத்தான் நான் பலகார டின்னோடு செய்துகொண்டிருந்தேன்.

சரி, 18க்கே திரும்பிப் போய்விடலாமா? அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் 18 இருந்தபோதும் ஆடி மாதத்தில் சில நாள் எழுந்து நின்றுதான் மிதித்திருக்கிறேன், ஒன்றிரண்டு ஒடிந்தது, கண்டுகொள்ளவில்லை. வண்டி வரும்போது 18 இருந்தது என்பதற்காக அது எனக்குச் சரி என்று அர்த்தமில்லை. என் பாரம் வேறு, என் சாலை வேறு. அதனால் எது சரி என்று ஓட்டியே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு அக்கா மகனின் கியர் சைக்கிள் உதவியது. பின்னால் ஏழு பல்சக்கரம்: 14, 16, 18, 20, 22, 24, 28. முன்னால் பெரியது 42. அந்தச் சக்கரத்தையும் கோலமாவு வைத்து அளந்தேன், 2.05 மீட்டர். செயினை முன்னால் 42லேயே நிறுத்திவிட்டுப் பின்னால் 16 என்றால் ஒரு சுற்றுக்கு 5.38 மீட்டர், 18 என்றால் 4.78, 20 என்றால் 4.31. அதில் கேரியர் கிடையாது, தோள்பையில் 10 கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு, பலகாரம் போகிற அதே ஒன்பது மணிக்கு, பள்ளத்தூரிலிருந்து கோட்டையூர் வரை மூன்று நாள் ஓட்டினேன். ஒரு நாளைக்கு ஒரே பல், இடையில் மாற்றக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு. முப்பது வினாடிக்கு வலது கால் எத்தனை தடவை கீழே போகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரியும்.

16இல் நிமிடத்துக்கு 40 சுற்றுதான் வந்தது, தொடை இறுகிப்போனது. 18இல் 50 வந்தது, கடைசிவரை சீட்டை விட்டு எழவில்லை. 20இல் 57 வந்தது, எதிர்காற்றில் சுகமாக இருந்தது, ஆனால் புளியமர நிழலில் காற்று மறைகிற இடங்களில் கால் வெறுமனே சுற்றுகிற மாதிரி இருந்தது. என் காலுக்கு ஒரு சுற்றுக்கு 4.8 மீட்டர். இதைவிட உறுதியாக எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்லியிருக்காது.

என் வண்டியில் முன்னால் 48. பின்னால் 22 போட்டால் 2.18, ஒரு சுற்றுக்கு 4.80 மீட்டர். தேடியது அப்படியே கிடைத்துவிட்டது. 20 போட்டால் 5.28 வரும், அது தொடை இறுகிய நாளுக்கு ரொம்பப் பக்கம். உங்கள் வண்டியில் முன்னால் 44 இருந்தால், நிறைய வண்டியில் அப்படித்தான் இருக்கும், 20 பல்லே இதே இடத்துக்குக் கொண்டுவந்துவிடும், 4.84. அதனால் மற்றவர் சொல்கிற பின்பல் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், முன்னால் இருக்கிறதை முதலில் எண்ணுங்கள்.

மேட்டுக்கும் ஒரு தடவை கணக்குப் பார்த்துவிட்டேன். எங்கள் பக்கம் மலைச்சாலை கிடையாது, குன்றக்குடியில்கூட மலை ஏறுவது படியில்தான், சைக்கிளுக்கு மேடு என்றால் கண்மாய்க் கரை ஏற்றம்தான். என் வழியில் அப்படி ஒன்று இருக்கிறது. கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபைக் கடன் வாங்கி நானும் அக்கா மகனும் அளந்தோம், 25 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. வண்டி, நான், டின் எல்லாம் சேர்த்து 120 கிலோ. அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு 4.8 கிலோ, டயர் உருளுவதற்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட, ஆக சக்கரம் தரையைத் தள்ள வேண்டியது சுமார் 6 கிலோ. சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர், மிதிக்கட்டையின் கை 16.5 சென்டிமீட்டர். 6 கிலோவை 35ஆல் பெருக்கி 16.5ஆல் வகுத்து, அதைப் பல் விகிதத்தோடு பெருக்கி, கால் ஒரே சீராக அழுத்தாமல் மிதி முன்னால் கிடைமட்டமாக வரும்போதுதான் அதிகம் அழுத்துகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 16 பல்லில் அந்த ஒரு நொடிக்கு 60 கிலோ, 18இல் 53, 22இல் 44. என் எடை 68. 60 கிலோவை உட்கார்ந்துகொண்டு அழுத்த முடியாது, உடம்பு தானாக எழுந்துவிடும், அதைத்தான் நான் பத்து நாளாகச் செய்திருக்கிறேன். 44 கிலோவை உட்கார்ந்தபடியே அழுத்தலாம். தோராயக் கணக்குதான், ஆனால் முழங்கால் சொன்னதும் கணக்கு சொன்னதும் ஒத்துப்போனது.

எதிர்காற்றுக்கு இந்த மாதிரி அளவு போட முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்: காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு. மணிக்கு 15 கிலோமீட்டரில் நாம் போக, எதிரே 20 கிலோமீட்டரில் காற்று வந்தால், உடம்பில் மோதுவது 35. காற்றே இல்லாத நாளில் மோதுவதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். மேடு முடிந்துவிடும், காற்று கடைவரைக்கும் கூடவே வரும்.

22 பல் ஃப்ரீவீல் கேட்டபோது சைக்கிள் சாமான் கடையில் இருந்த பெரியவர், "அது பாரம் ஏத்துற மூணு சக்கர வண்டிக்குப் போடுறதுப்பா, இளவட்டம் நீ, முன்னாடி பெருசு பின்னாடி சின்னது, அதான் வேகம்" என்றார். பாசமாகத்தான் சொன்னார். நான் ஏற்றுவதும் பாரம்தானே ஐயா என்றேன், உள்ளே போய் எடுத்து வந்து தந்தார். இந்த நினைப்பு நம்மூரில் மட்டும் இல்லை. டூர் டி பிரான்ஸ் போட்டியிலேயே ஓட ஓடப் பல் மாற்றுகிற கியரை 1937 வரை அனுமதிக்கவில்லை, அதற்கு முன்னால் பின்சக்கரத்தில் இரண்டு பக்கமும் வேறு வேறு பல் வைத்து, மேடு வந்தால் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு மலையேறியிருக்கிறார்கள். அவர்களே இறங்கி மாற்றினார்கள் என்றால் நான் 22 போடுவதில் எந்தக் குறையும் இல்லை.

முன்னால் செயின்வீலைச் சிறிதாக்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இந்த மாதிரிப் பழைய வண்டியில் செயின்வீல் வலது கிராங்கோடு, அதாவது மிதிக்கட்டையின் கையோடு, ஒன்றாகவே வரும், கழற்ற வேண்டுமென்றால் அதை அச்சோடு பிடித்து வைக்கிற காட்டர் பின்னை அடித்து எடுக்க வேண்டும், கீழே முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கிற குண்டுகளில் போய் விழும். பின்னால் 18ஐ 22 ஆக்குவது, முன்னால் 48ஐ 39 ஆக்குவதற்குச் சமம். பின்னால் நாலு பல்லில் முடிகிற வேலைக்கு முன்னால் ஒன்பது பல். பின்பக்கமே மலிவு, சுலபம். ஃப்ரீவீலும் புதுச் செயினும் சேர்த்து எனக்கு 500 ரூபாய்க்குள் முடிந்தது.

கழற்றுவதில்தான் ஒரு நாள் போனது. ஃப்ரீவீல் மரை போட்டு மாட்டுவது, நாம் மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே போகும். கழற்ற அதன் முகத்தில் இருக்கிற இரண்டு காடியில் உட்காருகிற கருவி வேண்டும், தெரு முனைப் பட்டறையில் வாங்கி வந்தேன். முதல் தடவை கருவியைக் காடியில் வைத்து நேராக ஸ்பேனரால் திருகினேன், நழுவி ஒரு காடியின் ஓரத்தைச் சிராய்த்துவிட்டது. இன்னொரு தடவை அப்படி நழுவியிருந்தால் அந்த ஃப்ரீவீலை உடைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். அப்புறம் டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து மரை ஓரத்தில் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். மறுநாள் பட்டறைக்கே சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போய், கருவியைக் காடியில் உட்காரவைத்து அச்சு நட்டால் லேசாகப் பிடித்து, கருவியை வைஸில் இறுக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பஸ் ஸ்டியரிங் மாதிரி பிடித்து இடப்பக்கமாகத் திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம், விட்டுவிட்டது. விட்ட உடனே அந்த நட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் ஃப்ரீவீல் வெளியே வர இடமில்லாமல் நட்டும் அச்சும் நெளியும். உள்ளே மரையைப் பார்த்தால் ஒரு துளி கிரீஸ் கிடையாது. மாட்டும்போது கொஞ்சம் தடவியிருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். நான் கிரீஸ் தடவி, கையாலேயே மெதுவாகத் திருகி, மரை குறுக்கே ஏறாமல் பார்த்துக்கொண்டேன். அடித்து இறுக்கத் தேவையில்லை, முதல் ஏற்றத்தில் அதுவே இறுகிக்கொள்ளும்.

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம், எனவே 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். என் பழைய செயின் 12 அங்குலத்தைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு நீண்டிருந்தது. எட்டில் ஒரு பங்கு நீண்டாலே மாற்றிவிட வேண்டும், நீண்ட செயினைப் புதுப் பல்லில் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது பல்லைத் தாண்டிக் குதிக்கும். அதோடு 22 பல்லுக்குச் செயின் நீளமும் கூட வேண்டும். பெரிய பல்லைச் சுற்றி வருவதால் 16இலிருந்து 22க்கு மூன்று கண்ணி கூடும், ஆனால் இரண்டிரண்டாகத்தான் சேர்க்க முடியும், மிச்சத்தைப் பின்சக்கரத்தை நகர்த்திச் சரிக்கட்ட வேண்டும். சக்கரம் நகர்ந்தால் ராடு பிரேக்கின் கட்டை ரிம்மோடு பொருந்தாது, அதையும் தளர்த்தி மறுபடி பொருத்தினேன். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆடலாம், மிதியைக் கால் கால் சுற்றாகத் திருப்பி நாலு இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய செயின்வீல் சரியான வட்டமாக இருப்பதில்லை, ஒரு இடத்தில் தளர்வும் ஒரு இடத்தில் இறுக்கமுமாக இருக்கும். இறுக்கமான இடத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

எல்லாம் மாட்டி ஓட்டினால் கரகரவென்று சத்தம். 18 பல்லைவிட 22 பல் ஆரத்தில் 8 மில்லிமீட்டர் பெரியது, செயின் மேலே ஏறி செயின் கவரின் பின்முனைத் தகரத்தில் உரசியிருக்கிறது. வாங்கும்போது இதை யோசிக்கவில்லை. தகரத்தை வெளியே இழுத்து நெளித்துவிட்டேன், பெயிண்ட் போன இடத்தில் துரு பிடிக்காமல் இருக்க நெயில் பாலிஷ் பூசினேன், அக்காவுடையது.

எங்கள் ஊர்க் குடும்பத்திலிருந்து வந்த முருகப்பா குழுமம்தான் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி அம்பத்தூரில் இந்த ஹெர்குலிஸைச் செய்தது. அப்பா இந்த வண்டியை வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால்தான் இதை விட்டுவிட்டு வேறு வண்டி வாங்க எனக்கு மனம் வரவில்லை, பல்லை மாற்றிக்கொள்ளத்தான் தோன்றியது.

ஆடி முதல் வாரம் மறுபடி எண்ணிப் பார்த்தேன். 18 இருந்த காலத்தில் இந்தக் காற்றில் நிமிடத்துக்கு 38 சுற்று, மணிக்கு 13.4 கிலோமீட்டர் என்று பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இப்போது 48 சுற்று, 13.8 கிலோமீட்டர். வேகம் குறையவில்லை, முழங்கால் வலி நின்றுவிட்டது, கண்மாய்க் கரையில்கூட எழுந்து நிற்கவில்லை. காற்றில்லாத நாளில் 70 சுற்று மிதித்தால் 20 கிலோமீட்டர் வருகிறது. காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு வெறும் டின்னோடு திரும்பும்போது கால் சுற்றுகிற வேகத்துக்கு வண்டி நிற்கவில்லை, மிதிப்பதை விட்டுவிட்டு உருள விட வேண்டியதுதான், அதில் இரண்டு மூன்று நிமிடம் போகிறது. ஐப்பசியில் வடகிழக்குக் காற்று வந்தால் எதிர்காற்று திரும்பும் வழிக்கு மாறும், அப்போது டின் காலி, இந்தப் பல்லே போதும்.

அந்த வாரம் கடையில் டின்னைத் திறந்தபோது நானும் குனிந்து பார்த்தேன். மேல் அடுக்கில் ஒரே ஒரு தேன்குழல் ஒடிந்திருந்தது. கடைக்காரர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எடைத்தட்டை இழுத்தார்.